டைட்டன் விசாரணை அறிக்கையைப் படித்தவர்கள் இருக்கிறீர்களா?

கொதிகலன் எழுதியது:

ஓய்வுபெற்ற பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு இப்போது சொல்ல ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 335 பக்க அறிக்கையைப் படித்து முடித்தேன். 2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்கப் போய், ஐந்து பேரோடு நொறுங்கிய டைட்டன் நீர்மூழ்கியைப் பற்றியது. 2025 ஆகஸ்டில் வெளியானது. இரண்டு மாதம் கழித்து அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் தன் முடிவைச் சொன்னது. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்கிறது முதல் அறிக்கை. ஆட்கள் இருந்த அந்தக் கார்பன் இழை ஓட்டின் உண்மையான வலிமை எவ்வளவு என்பதே கட்டியவர்களுக்குத் தெரியவில்லை என்கிறது இரண்டாவது.

முப்பத்தொரு வருடம் அழுத்தக் கலன்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை பார்த்தவன் நான். கொதிகலனில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும். ஆழ்கடலில் வெளியிலிருந்து உள்ளே அமுக்கும். டைட்டானிக் கிடப்பது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில். அங்கே உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவு இடத்தில் 75 கிலோ அரிசி மூட்டை ஐந்தை அடுக்கினால் வரும் சுமை ஏறும். ஓடு முழுவதும், எல்லாப் பக்கமும், ஒரே சமயத்தில்.

அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் கடைசிப் பயணம் அல்ல. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2022 ஜூலையில் நடந்த 80ஆவது மூழ்கல். கலன் மேலே வந்துகொண்டிருக்கும்போது உள்ளே இருந்தவர்களுக்குப் பெரிய வெடிச்சத்தம் ஒன்று கேட்டது. ஓடு தன் சட்டத்துக்குள் சற்று நகர்ந்து உட்கார்ந்திருக்கும் என்று டைட்டனைக் கட்டி இயக்கிய ஓஷன்கேட்டின் நிறுவனர் ஸ்டாக்டன் ரஷ் விளக்கம் சொன்னார். ஆனால் ஓட்டில் ஒட்டியிருந்த ஸ்ட்ரெயின் கேஜ்கள் (ஓடு எவ்வளவு நெளிகிறது என்று அளக்கும் கருவிகள்) அந்த நாளுக்குப் பிறகு வேறு மாதிரி அளவு காட்டத் தொடங்கியிருந்தன. அந்தப் பதிவைச் சரியாகப் பிரித்துப் பார்த்து நிறுத்த அங்கே ஆள் இல்லை. மீண்டும் இறக்கினார்கள். பிறகு கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரில், பனிக்காலம் முழுவதும் வெட்டவெளி வாகன நிறுத்தத்தில் போட்டு வைத்தார்கள். 88ஆவது மூழ்கலில் போய்விட்டது.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் நீரழுத்தச் சோதனைக்குப் போயிருந்தேன். வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். பாதிக்கு மேல் போனதும் “டிக்” என்று ஒரு சத்தம். மேலாளர் சிரித்துக்கொண்டே, “பெயின்ட் உரிகிறது சார்” என்றார். அன்று மாலையே லாரி கிளம்ப வேண்டும், அவர் அவசரம் அவருக்கு. நான் அழுத்தத்தை இறக்கச் சொன்னேன். சிவப்புச் சாயம் பூசித் துடைத்துப் பார்த்தால், குழாய் வாய் சேரும் வெல்டிங்கின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு மயிரிழை போல ஒரு கோடு. எனக்கு வீரதீரம் ஒன்றும் இல்லை. என் சம்பளம் அந்தப் பட்டறையிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கேள்வி இது. சோதனைக் கலன் என்று பெயர் வைத்துவிட்டால் இந்த வெளியாளின் கண் தேவையில்லை என்று ஆகிவிடுமா?

பாய்மரம் எழுதியது:

மாற்றுக் கருத்து சொல்ல ஒருவராவது வேண்டும் என்பதால் நான் வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இறந்தவரைச் சபிப்பது எளிது. ரஷ் தன் இயந்திரத்தில் தானே ஏறிப் போய்த் தானே செத்தார். ஏமாற்றுக்காரன் அப்படிச் செய்வானா? 1960 ஜனவரியில் ழாக் பிக்காரும் டான் வால்ஷும் டிரியெஸ்ட் கலனில் மரியானா அகழியின் அடிக்குப் போனார்கள். சுமார் 9,000 மீட்டரைத் தாண்டியதும் வெளிப்பக்கச் சாளரத் தகடு ஒன்று பெரும் சத்தத்துடன் விரிசல் விட்டது. அவர்கள் திரும்பவில்லை. இறங்கினார்கள், பார்த்தார்கள், மேலே வந்தார்கள். இன்று அவர்களை வீரர்கள் என்கிறோம். அன்று அந்தத் தகடு வேறு விதமாக நடந்துகொண்டிருந்தால் “கேட்காத காது” என்று இங்கே எழுதிக்கொண்டிருப்போம்.

திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் 2012இல் அதே அகழிக்குத் தனியாகப் போன கலனுக்கும் தரச்சான்று கிடையாது. அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சான்று கொடுக்கும் நிறுவனங்கள் ஏற்கெனவே தெரிந்த பொருளுக்குத்தான் விதி எழுதி வைத்திருக்கின்றன. புதிய பொருளைக் கொண்டுபோனால் “எங்கள் புத்தகத்தில் இல்லை” என்பார்கள். அப்படியானால் எதுவுமே புதிதாக வராது.

கறுப்பங்கி எழுதியது:

பாய்மரம், நீங்களே உங்கள் வழக்கைத் தோற்கடித்துவிட்டீர்கள். டிரியெஸ்டில் இருந்தவர்கள் இருவர், ஒருவர் அதைக் கட்டிய குடும்பத்துக்காரர், மற்றவர் கடற்படை அதிகாரி. கேமரூன் கலனில் கேமரூன் மட்டும். சோதனைக் கலனில் பிறரை ஏற்றும் எண்ணமே தனக்கு இருந்ததில்லை என்று டைட்டன் விபத்துக்குப் பிறகு அவர் வெளிப்படையாகச் சொன்னார். டைட்டனில் ஓர் இருக்கையின் விலை 2,50,000 டாலர். பணம் கொடுத்து ஏறியவர்களில் 19 வயதுப் பையன் ஒருவன்.

சட்டக்காரியின் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். அமெரிக்கச் சட்டப்படி, கட்டணம் கொடுக்கும் ஒரு பயணியை ஏற்றினால்கூட நீர்மூழ்கிக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஓஷன்கேட் நிறுவனம் என்ன செய்தது? பயணி என்ற சொல்லையே எடுத்துவிட்டது. ஏறுபவர்கள் எல்லாரும் “பயண வல்லுநர்கள்”. கலன் எந்த நாட்டிலும் பதிவாகவில்லை. எந்தத் தரச்சான்று நிறுவனத்திடமும் போகவில்லை. கனடாத் துறைமுகத்திலிருந்து வேறொரு கப்பலின் துணையோடு சர்வதேசக் கடலுக்குப் போய் அங்கே இறக்கினார்கள். எந்த நாட்டுச் சட்டமும் முழுமையாகக் கைவைக்க முடியாத ஓர் இடுக்கைத் தேடிப் பிடித்தார்கள். இதில் பொறியியல் புதுமை எங்கே இருக்கிறது? சொல்லை மாற்றியதுதான் புதுமை.

டேவிட் லாக்ரிட்ஜ் விவகாரம் இன்னும் மோசம். அந்த நிறுவனத்தின் கடல் செயல்பாடுகளுக்குப் பொறுப்பானவர். 2018 ஜனவரியில் குறைகளைப் பட்டியலிட்டு அறிக்கை கொடுத்தார். பார்வைச் சாளரத்துக்கு அதைச் செய்தவர்கள் 1,300 மீட்டர் வரைதான் உறுதி சொல்லியிருந்தார்கள், போகப்போவதோ 3,800 மீட்டர் என்பது அவற்றில் ஒன்று. உடனே வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் அரசின் தொழிலாளர் பாதுகாப்புத் துறையிடம் முறையிட்டார். நிறுவனம் அவர்மேல் வழக்குப் போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் சமரசமாகி முறையீடும் கிடப்பில் போனது. அதே ஆண்டு மார்ச்சில் கடல் தொழில்நுட்பச் சங்கத்தின் நீர்மூழ்கிக் குழுவைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பேரழிவு வரை போகலாம் என்று எச்சரித்துக் கடிதம் எழுதியிருந்தார்கள்.

ரஷ் உயிரோடு இருந்திருந்தால் குற்ற வழக்குக்குப் பரிந்துரைத்திருப்போம் என்று கடலோரக் காவல்படை எழுதியிருக்கிறது. செத்தவர்மேல் வழக்கு இல்லை. அதனால் கோப்பு மூடப்படும்.

இழைக்காரி எழுதியது:

நான் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறேன். கண்ணாடியிழையும் கார்பன் இழையும் ரெசினும்தான் என் அன்றாடச் சோறு. செய்திகளில் “கார்பன் ஃபைபர் இழுவையைத் தாங்கும், அமுக்கத்தைத் தாங்காது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அது பாதி உண்மை.

கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியாது, சரி. ஆனால் கயிற்றை மெழுகில் தோய்த்து உறைய வைத்தால் ஓரளவு தள்ளவும் முடியும். இங்கே மெழுகின் இடத்தில் ரெசின் இருக்கிறது. இழை வளைந்துவிடாமல் ரெசின் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் வரை கார்பன் ஓடு அமுக்கத்தைத் தாங்கும். அமெரிக்கக் கடற்படையே ஆளில்லாத ஆழ்கடல் கலன்களுக்கு இந்தப் பொருளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறது. சிக்கல், பிடிப்பு எங்கே விடும் என்பதில்தான். ரெசினில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தால் அந்த இடத்தில் இழைக்குப் பிடிமானம் இல்லை. இழை சுற்றும்போது ஒரு சுருக்கம் விழுந்தால் அங்கே இழை ஏற்கெனவே வளைந்துதான் இருக்கிறது, அமுக்கினால் இன்னும் வளையும். ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் அந்தச் சிறு பழுது சற்றுப் பெரிதாகும். உலோகத்தில் களைப்பு எப்படி வளரும் என்பதற்கு நூறு வருடக் கணக்கு இருக்கிறது. 12.7 சென்டிமீட்டர் தடிமனுள்ள கார்பன் உருளையைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அப்படி ஒரு கணக்குப் புத்தகமே இல்லை.

இப்போது டைட்டன் ஓட்டைப் பாருங்கள். முதல் ஓடு 2019இல் பஹாமாஸ் கடலில் சோதித்த பிறகு விரிசல் கண்டு ஒதுக்கப்பட்டது. அந்தச் சோதனைப் பயணம் ஒன்றில் கூடப் போன நீர்மூழ்கி ஓட்டுநர் கார்ல் ஸ்டான்லி, ஓட்டிலிருந்து வெடிப்புச் சத்தங்கள் கேட்டதாக ரஷ்ஷுக்கு எழுதி எச்சரித்திருக்கிறார். இரண்டாவது ஓட்டை ஐந்து அடுக்காகச் செய்தார்கள். ஒவ்வோர் அடுக்கும் சுமார் ஓர் அங்குலம். ஓர் அடுக்கைச் சூளையில் வேகவைப்பது, மேலே எழும்பும் சுருக்கங்களைத் தேய்த்து எடுப்பது, பசை தடவி அடுத்த அடுக்கைச் சுற்றுவது. தேய்ப்பது என்றால் என்ன தெரியுமா? சுருக்கம் உள்ள இடத்தில் இழையை அறுப்பது. எங்கள் தொழிற்சாலையில் இறக்கையின் முக்கியப் பகுதியில் அனுமதி இல்லாமல் யாராவது அப்படித் தேய்த்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இத்தனைக்கும் இறக்கை உடைந்தால் வயலில் விழும், உள்ளே யாரும் இல்லை.

மீதமிருந்த ஓட்டுத் துண்டுகளை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது சுருக்கங்கள், துளைகள், அடுக்குகளுக்கு நடுவே வெற்றிடங்கள் எல்லாம் இருந்தன. கடலடியில் எடுத்த துண்டுகள் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தன. வெங்காயம் உரித்த மாதிரி.

இன்னொன்று, இரண்டு முனைகளிலும் டைட்டானியம் வளையங்களைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். டைட்டானியமும் கார்பனும் ஒரே அழுத்தத்தில் ஒரே அளவு சுருங்காது. அந்த ஒட்டு ஒவ்வொரு மூழ்கலிலும் இரண்டு பக்கமும் இழுபட்டிருக்கும். வெயிலும் பனியும் பட்டு, ஈரம் புகுந்து உறைந்து இளகினால் இன்னும் மோசம். சுமந்து செல்லும் கப்பலில் ஏற்றிப் போகாமல் 2023இல் கடலில் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று படித்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

பாய்மரம் எழுதியது:

இழைக்காரி, இது நல்ல விளக்கம். நன்றி. ஆனால் ரஷ் இதைத் தெரியாமலா இருந்தார்? அதனால்தானே ஓடு முழுவதும் ஒலி உணரிகளை வைத்தார். இழை அறுந்தால் சத்தம் வரும், சத்தம் கூடினால் மேலே வந்துவிடலாம் என்பது அவர் திட்டம். ஆபத்தை அளந்து பார்த்துக்கொண்டே போவதும் ஒரு வகைப் பாதுகாப்புதான்.

இழைக்காரி எழுதியது:

உணரி வைத்தது தவறே இல்லை. ஆனால் தடித்த கார்பன் ஓடு உடைவதற்கு முன் எவ்வளவு நேரம் அவகாசம் கொடுக்கும்? அது நிமிடக் கணக்காக இருக்கும் என்று அவர் நம்பினார். அதைச் சோதித்துப் பார்க்க ஒரே வழி, அதே மாதிரி முழு அளவு ஓடுகள் சிலவற்றைச் செய்து, ஆள் இல்லாமல், உடையும் வரை மீண்டும் மீண்டும் அமுக்கிப் பார்ப்பது. காற்றாலை இறக்கைக்கே நாங்கள் மாதக்கணக்கில் ஆட்டிப் பார்க்கிறோம். அங்கே அந்தப் பணத்தைச் செலவழிக்கவில்லை. ஆக உணரி எச்சரித்தால் எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. கொதிகலன் ஐயா சொன்ன 80ஆவது மூழ்கலே சாட்சி. உணரி தன் வேலையைச் செய்தது.

விண்ணப்பப்படிவம் எழுதியது:

இவ்வளவு பேசுகிறீர்கள், அந்த வீடியோ கேம் ரிமோட்டை யாருமே சொல்லவில்லையே? முப்பது டாலர் ரிமோட்டை வைத்து நீர்மூழ்கி ஓட்டினால் வேறு என்ன ஆகும்?

கொதிகலன் எழுதியது:

தம்பி, அந்த ரிமோட் பாவம். அமெரிக்கக் கடற்படையின் வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகளிலும் பெரிஸ்கோப்புக்குப் பதில் வந்த கேமராக் கம்பத்தைத் திருப்ப அதே மாதிரி விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிதான் வைத்திருக்கிறார்கள். பையன்களுக்குப் பழகிய பொருள், கெட்டுப்போனால் மாற்றுவது எளிது. டைட்டனில் உடைந்தது அது இல்லை. ஊர் முழுக்க அதைப் பார்த்துச் சிரித்ததில் ஓட்டைப் பார்க்கவில்லை.

கதவை வேண்டுமானால் சொல்லுங்கள். வெளியிலிருந்து பதினேழு போல்ட் போட்டு முடுக்குவார்கள். உள்ளிருந்து திறக்க வழியே இல்லை. நல்லபடியாக மிதந்து மேலே வந்து, துணைக் கப்பல் கண்டுபிடிக்காமல் போயிருந்தாலும் உள்ளே மூச்சு முட்டிச் செத்திருப்பார்கள்.

சங்குக்கரை எழுதியது:

தூத்துக்குடிக்காரன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை சங்கு குளித்தவர்கள். எனக்கு இந்த இழை, ரெசின் கணக்கெல்லாம் தெரியாது. ஒன்று மட்டும் சொல்ல வந்தேன்.

முத்துக் குளித்த காலத்தில், இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் படகில் பிடிப்பவன் பெரும்பாலும் அவன் மைத்துனனாக இருப்பான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அண்ணன் தம்பியை நம்பாமல் மைத்துனனை ஏன் நம்பினார்கள்? அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு உண்டு. மைத்துனனுக்குத் தன் கூடப்பிறந்தவள் தாலி உண்டு. கயிறு ஒருமுறை அசைந்தால் அவன் யோசிக்க மாட்டான், இழுத்துவிடுவான்.

இந்த டைட்டனில் கயிற்றைப் பிடித்திருந்தவர் யார்? அதைத்தான் கேட்கிறேன்.

கொதிகலன் எழுதியது:

சங்குக்கரை, இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று பதில் எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

கயிற்றைப் பிடித்திருந்தவர் மனைவி.

மிகைப்படுத்தவில்லை. துணைக் கப்பலான போலார் பிரின்ஸில் தகவல் தொடர்பு மேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ரஷ்ஷின் மனைவி வெண்டியும் ஒருவர். அந்தக் காட்சியின் ஒளிப்பதிவைக் கடலோரக் காவல்படை 2025இல் வெளியிட்டது. எங்கோ கதவு சாத்தியதுபோல ஒரு சத்தம் கேட்கிறது. அது என்ன சத்தம் என்று அவர் திரும்பிக் கேட்கிறார். சிறிது நேரத்தில் திரையில் டைட்டனிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது, இரண்டு எடைகளைக் கழற்றிவிட்டோம் என்று. செய்தி வந்துவிட்டது, ஆகவே நலமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நடந்தது இது. சுமார் 3,300 மீட்டர் ஆழத்திலிருந்து செய்தி அனுப்பினார்கள். சில நொடிகளில் ஓடு நொறுங்கியது. தண்ணீரில் ஒலி நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் போகும், ஆகவே சத்தம் இரண்டு நொடியில் கப்பலுக்கு வந்துவிட்டது. செய்தியோ கருவிகளுக்குள் சுற்றித் திரையில் ஏற நேரமாயிற்று. முன்னே புறப்பட்ட செய்தி பின்னே வந்தது. இறந்தவர்களின் செய்தியைப் பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறார்கள்.

அதனால் உங்கள் பெரியவர்கள் சொன்னது முழுவதும் போதாது என்று பணிவோடு சொல்கிறேன். அந்த மேசையில் பாசத்துக்குக் குறைவில்லை. இழுக்கக் கயிறுதான் இல்லை. அந்தக் கலனுக்கு உண்மையான கயிறு இருந்தது கரையில், 2018இல், லாக்ரிட்ஜின் கையில். பிறகு பொறியியல் இயக்குநர் டோனி நிசனின் கையில். முதல் ஓட்டில் விரிசல் கண்டபின் டைட்டானிக்குக்கு இறக்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றவர் அவர். அவரையும் 2019இல் அனுப்பிவிட்டார்கள். இருவரும் இழுத்தார்கள். இழுத்தவன் கையை அறுத்தார்கள்.

சங்குக்கரை எழுதியது:

புரிகிறது ஐயா. எங்கள் படகிலும், கயிற்றுக்காரன் இழுத்தால் வந்தாக வேண்டும். கீழே இன்னும் சங்கு கிடக்கிறது என்று கீழே இருப்பவன் முரண்டு பிடிக்க முடியாது.

கறுப்பங்கி எழுதியது:

ஒரு திருத்தமும் ஒரு சந்தேகமும். தேடல் நடந்த நான்கு நாளும் தொலைக்காட்சிகள் “96 மணி நேரப் பிராணவாயு” என்று கடிகாரம் ஓட்டிக்கொண்டிருந்தன. அமெரிக்கக் கடற்படையின் ஒலிக்கருவிகள் முதல் நாளே நொறுங்கும் சத்தத்தை ஒத்த ஒன்றைப் பதிவு செய்திருந்தன என்பது பிறகுதான் வெளியே சொல்லப்பட்டது. ஜூன் 22 அன்று டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளிச் சிதறல்கள் கிடைத்தன. அதற்குப் பிறகு இணையத்தில் ஓர் “உரையாடல் பதிவு” சுற்றியது. உள்ளே அலாரம் அடிப்பதுபோலவும் பயந்து மேலே வர முயல்வதுபோலவும் எழுதப்பட்டது. அது முழுப் பொய் என்று கடலோரக் காவல்படை உறுதி செய்துவிட்டது. இன்னும் நம் ஊர் யூடியூப் காணொளிகளில் அதை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தேகம் இழைக்காரிக்கு: ஆழமில்லாத சுற்றுலா நீர்மூழ்கிகளிலும் ஆட்கள் சாகிறார்களே? 2025 மார்ச்சில் எகிப்தின் ஹுர்காதாவில் ஆறு ரஷ்யப் பயணிகள் இறந்தார்கள். அங்கே பார்க்கும் ஆழம் இருபது சொச்சம் மீட்டர்தான்.

இழைக்காரி எழுதியது:

ஆமாம். அங்கே அழுத்தம் கொல்லவில்லை, தண்ணீர் உள்ளே புகுந்து கொன்றது. இரண்டும் வேறு வேறு சாவு. 1973இல் புளோரிடாவில் ஜான்சன் சீ லிங்க் கலன் ஒரு சிதைவில் சிக்கிக்கொண்டு, உள்ளே கரியமில வாயு கூடி இருவர் இறந்தார்கள். அதே வருடம் அயர்லாந்துக்கு அப்பால் கடலில் பைசஸ் 3 கலன் சுமார் 480 மீட்டர் அடியில் விழுந்து, மூன்று நாளுக்கு மேல் கிடந்த இருவரை உயிரோடு தூக்கினார்கள். காற்று அநேகமாகத் தீர்ந்துவிட்டிருந்தது. ஓடு தாங்கினால்தான் காப்பாற்ற ஏதாவது மிஞ்சும். அதனால்தான் நான் ஓட்டையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

நெறியாளர் எழுதியது:

உயிரிழந்தவர்களின் பணத்தைக் கிண்டல் செய்த மூன்று மறுமொழிகளை நீக்கியிருக்கிறேன். அந்தப் பையனின் தாயும் இணையத்தில் இருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். விவாதம் தொடரட்டும்.

இரண்டாமாண்டு எழுதியது:

வணக்கம் ஐயா, வணக்கம் அக்கா. இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மத்ஸ்யா 6000 கலனைக் கட்டுகிறது. 6,000 மீட்டருக்கு மூன்று பேர். அது டைட்டன் மாதிரி ஆகாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் அப்பா டைட்டன் செய்தி வந்தபோது “நமக்கு எதற்கு இந்த வேலை” என்றார்.

கொதிகலன் எழுதியது:

அப்பாவின் கேள்வி நியாயமானது தம்பி. வரி கட்டுகிறவர் கேட்கட்டும்.

முதல் வேறுபாடு வடிவம். மத்ஸ்யாவில் ஆட்கள் உட்காருவது 2.1 மீட்டர் விட்டமுள்ள உருண்டையில். 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியக் கலவை. உருண்டை அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிரும். அதே விட்டம், அதே தடிமன் என்றால் உருளையின் சுவரில் வரும் தகைவில், அதாவது உட்சுமையில், பாதிதான் உருண்டையில் வரும். உன் இரண்டாமாண்டுப் பாடத்திலேயே இருக்கிறது, பார். அமெரிக்காவின் ஆல்வின், ஜப்பானின் ஷின்காய் 6500, பிரான்சின் நாட்டீல் எல்லாவற்றிலும் ஆட்கள் இருப்பது உருண்டைக்குள்தான். ரஷ் உருளைக்குப் போனது ஐந்து பேரை உட்கார வைக்க. அங்கே வடிவத்தைத் தீர்மானித்தது டிக்கெட் எண்ணிக்கை.

இரண்டாவது, பொருள். டைட்டானியத்தின் குணம் தெரிந்தது. ஆனால் அதற்காகச் சும்மா இருந்துவிட முடியாது. 80 மில்லிமீட்டர் தடிமனுக்கு இரண்டு அரைக்கோளங்களை எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைக்க வேண்டும். அதை இஸ்ரோ செய்து கொடுத்தது. முன்னதாக எஃகு உருண்டையை வைத்து 2025 ஜனவரி, பிப்ரவரியில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆட்களோடு நனைத்துப் பார்த்தார்கள். 500 மீட்டருக்கு முதலில், 6,000 பிறகு. இந்த வரிசைதான் எனக்குப் பிடிக்கிறது.

ஒன்று மனதை என்னவோ செய்தது. டைட்டனில் இறந்த பிரெஞ்சுக்காரர் பால்-ஆன்ரி நார்ஜோலே, 1987இல் நாட்டீல் கலனில் டைட்டானிக்குக்குப் போன குழுவை நடத்தியவர். அதே நாட்டீலில்தான் 2025 ஆகஸ்டில் நம் ஆட்கள் இருவர் அட்லாண்டிக்கில் பயிற்சிக்காக இறங்கினார்கள், ஒருவர் 4,000 மீட்டரையும் மற்றவர் 5,000 மீட்டரையும் தாண்டினார்கள். 1984இல் தொடங்கிய கலன், ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு தெரிந்த நார்ஜோலே டைட்டனில் ஏன் ஏறினார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாய்மரம் எழுதியது:

நான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. விக்டர் வெஸ்கோவோவின் லிமிட்டிங் ஃபேக்டர் கலனைப் பற்றி இப்போது தேடிப் படித்தேன். தனியார் பணம், புதிய வடிவமைப்பு, ஆனால் கட்டும்போதே டிஎன்வி என்ற தரச்சான்று நிறுவனத்தைக் கூட வைத்துக்கொண்டு, உலகின் எந்த ஆழத்துக்கும் திரும்பத் திரும்பப் போகலாம் என்று 2019இல் சான்று வாங்கியிருக்கிறார்கள். ஆக, புதியதற்குச் சான்று கிடைக்காது என்று நான் முதலில் எழுதியது தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் தனியாக, தன் உயிரை மட்டும் வைத்துச் சோதிப்பவனைத் தடுக்கக்கூடாது என்பதில் நிற்கிறேன்.

கறுப்பங்கி எழுதியது:

அதில் நான் உங்கள் பக்கம். தேடப் போகிறவர்களின் செலவை யார் கொடுப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாமாண்டு எழுதியது:

ஐயா, அடுத்த மாதம் எங்கள் வகுப்பைப் பள்ளிக்கரணைக்கு அழைத்துப் போகப்போவதாகச் சொல்கிறார்கள். ஆளுக்கு ஒரு கேள்விதான் கேட்கலாமாம். எதைக் கேட்பது?

கொதிகலன் எழுதியது:

தடிமன், ஆழம், எத்தனை மணி நேரக் காற்று, இதையெல்லாம் கேட்டு ஒரு கேள்வியை வீணாக்காதே. அவை செய்தித்தாளிலேயே இருக்கின்றன. இதைக் கேள்: கலனைக் கட்டுபவர்களின் கீழ் வேலை செய்யாத ஒருவர், கப்பல் கடலுக்குப் போன பிறகு, விடியற்காலையில், அமைச்சர் வந்து காத்திருக்கும்போது, “இன்று இறக்க வேண்டாம்” என்று சொன்னால், அந்தச் சொல் நிற்குமா? அவர் பதவியின் பெயர் என்ன?

இழைக்காரி எழுதியது:

அது இரண்டு கேள்வி ஐயா.

இரண்டாமாண்டு எழுதியது:

இரண்டாவதை என் நண்பனிடம் கொடுத்துக் கேட்கச் சொல்கிறேன். போய்வந்து இங்கேயே எழுதுகிறேன்.